பிரவுசர் சிபியுவை நூறில் நிறுத்தும்போது: ஃபார்மேட்டா, பிரவுசர் மாற்றமா, புது சிஸ்டமா?

கார்த்திகை முதல் வாரம், ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற ரோட்டில் என் கடை; மூன்று சிஸ்டம், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். பதினான்கு பேருடைய ஆதார் நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஒரு குருசாமி எதிரே உட்கார்ந்திருக்கிறார், சபரிமலை விர்ச்சுவல் க்யூ போட வேண்டும். வெளியே வேன் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. ஏழாவது சாமியின் பெயரை அடிக்கிறேன், ஒவ்வொரு எழுத்தும் இரண்டு விநாடி கழித்துத்தான் திரையில் வந்து விழுகிறது. கேபினட்டுக்குள் ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது. எந்த ப்ரோகிராம் எவ்வளவு தின்கிறது என்று காட்டுகிற விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு, அதாவது சிஸ்டத்தின் மூளையான சிப், 100 சதவீதம், அதில் பிரவுசர் மட்டும் 91. எட்டாவது பெயருக்குப் போவதற்குள் லாகின் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிட்டது. "பரவால்ல சாமி, முதல்ல இருந்து போடுங்க" என்றார் குருசாமி. அவர் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

மறுநாளே நாலு பேரிடம் கேட்டேன், நாலு வைத்தியம் கிடைத்தது. சர்வீஸ் பார்க்கிறவர் "ஃபார்மேட் அடிச்சிருவோம் அண்ணாச்சி, எல்லாத்தையும் அழிச்சு விண்டோஸை மறுபடி போட்டா புதுசு மாதிரி ஆயிரும்" என்றார். மச்சான் "எத்தனை வருஷம்தான் இதையே ஓட்டுவீங்க, புது சிஸ்டம் வாங்குங்க மாப்ள" என்றார். காலேஜில் படிக்கிற தம்பி மகன் "விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடுங்க பெரியப்பா" என்றான். கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு பக்கம் கேரளத்து இ-சேவை மையமான அக்ஷயாவில் வேலை பார்க்கிற சேட்டன் ஒருவர் பழக்கம், அவர் போனில் சிரித்துக்கொண்டே "பிரவுசரை மாத்திப் பாருங்க, அவ்வளவுதான்" என்றார். இதற்கு மேல் இணையத்தில் தேடினால் முதலில் வருவது, பிரவுசர் சேர்த்து வைத்த பக்க நகல்களை அழிக்கச் சொல்லும் "கேஷை க்ளியர் செய்யுங்கள்".

அந்த சீசன் முழுக்க இதில் பெரும்பாலானதைச் செய்து பார்த்துவிட்டேன், சிலதுக்குக் காசும் கொடுத்தேன். நாலு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலுக்கு மாத்திரை, கால் சுளுக்குக்கு எண்ணெய் என்பது போல ஒவ்வொன்றும் ஒரு நோவுக்குத்தான் கேட்கிறது. எந்த நோவு என்று பார்க்காமல் காசைக் கொடுத்ததுதான் நான் செய்த தப்பு. உங்கள் வீட்டிலோ கடையிலோ இதே தொல்லை இருந்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் கிடையாது. அது "க்ரோம் 91" என்று மொத்தமாகச் சொல்லும், அதற்குள் பிரித்துப் பார்த்தாலும் இருபது வரி ஒரே பெயரில் நிற்கும், எது எந்த டேப் என்று தெரியாது. பிரவுசருக்குள்ளேயே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. க்ரோம் 2008 செப்டம்பரில் வெளிவந்தபோதே இது அதில் இருந்தது, ஒவ்வொரு டேப்பையும் தனித்தனி ப்ராசஸாக, அதாவது தனித்தனி ப்ரோகிராம் மாதிரி, ஓட்டுவதுதான் அந்த பிரவுசரின் கட்டமைப்பே. ஷிப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். எட்ஜிலும் அதே சாவிதான். ஃபயர்பாக்ஸில் மெனுவில் மோர் டூல்ஸ் போனால் அதன் டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். திறந்ததும் சிபியு என்ற தலைப்பில் ஒரு க்ளிக், அதிகம் தின்கிறது மேலே வந்து நிற்கும்.

எண்ணைப் படிக்கும்போது ஒரு சூட்சுமம். க்ரோமின் டாஸ்க் மேனேஜரில் 100 என்றால் ஒரு கோர் (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்கிற ஒரு பகுதி) முழுசாகப் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம், அதனால் அங்கே 140, 180 என்றுகூட வரும். விண்டோஸ் காட்டும் 100 என்பது எல்லாக் கோரும் சேர்ந்த கணக்கு. என்னுடையது நான்காம் தலைமுறை ஐ3, இரண்டு கோர், நான்கு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை வரிசை. அதில் விண்டோஸ் கிட்டத்தட்ட 25 சதவீதத்தில் அசையாமல் நின்றால், எங்கோ ஒரு ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடுகிற குட்டி ப்ரோகிராம்) ஒரு த்ரெட்டைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடு மாதிரி சுற்றுகிறது என்று புரிந்துகொள்ளலாம். 25 தானே என்று விட்டுவிடுவோம், ஆனால் அந்த டேப்பில் டைப் அடிக்க முடியாது.

மேலே வந்து நிற்கும் வரியின் பெயர்தான் உங்களுக்கு வழி காட்டும். "டேப்" என்று ஒரு தளத்தின் பெயரோடு இருந்தால் குற்றவாளி அந்தப் பக்கம், அல்லது ஒரு எக்ஸ்டென்ஷன் அதற்குள் செருகிய ஸ்கிரிப்ட். "எக்ஸ்டென்ஷன்" என்று இருந்தால், கூடுதல் வசதிக்காகப் பிரவுசரோடு சேர்த்த குட்டி ப்ரோகிராம், நாமே உள்ளே விட்ட ஆள். "ஜிபியு ப்ராசஸ்" என்றால் வீடியோ, கிராபிக்ஸ் சங்கதி. வெறுமனே "பிரவுசர்" என்ற வரி எகிறினால் ப்ரொஃபைலில் (நம் செட்டிங், புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்த மூட்டை) ஏதோ கோளாறு, அல்லது வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதை நோண்டுகிறது. எல்லாமே சின்னச் சின்ன எண்ணாக இருந்து, ஆனாலும் சிஸ்டம் திணறினால், பிரவுசரை விட்டுவிட்டு மெஷினைப் பாருங்கள்.

எனக்கு அகப்பட்ட முதல் குற்றவாளி ஒரு எக்ஸ்டென்ஷன். போட்டோவை 50 கேபிக்குக் கீழே குறைத்துத் தருகிற ஒன்று. விண்ணப்பத் தளம் ஒவ்வொன்றும் ஒரு அளவு கேட்கும், போட்டோ 50, கையெழுத்து 20 என்று. தினமும் முப்பது போட்டோ குறைக்கிற கடையில் அப்படி ஒன்று இருந்தால் வசதிதான், கடையில் வேலை பார்க்கிற பொண்ணு எப்போதோ சேர்த்திருக்கிறது. அந்த எக்ஸ்டென்ஷனைப் போடும்போது "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்டிருக்கும், நாமும் சரி என்று கொடுத்திருப்போம். திறக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் அது தன் ஸ்கிரிப்டைச் செருகி, பக்கத்தில் எழுத்து மாறுகிற ஒவ்வொரு தடவையும் மறுபடி முழுப் பக்கத்தையும் தேடிக்கொண்டிருந்தது. நான் ஒரு எழுத்து அடித்தால் அது ஒரு சுற்று ஓடுகிறது. எழுத்து இரண்டு விநாடி தாமதமாக விழுந்ததற்குக் காரணம் அதுதான். அதை விட எனக்குப் பகீர் என்றது வேறு: ஊரில் உள்ளவர்களின் ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் அடிக்கிற பக்கங்களைப் படிக்க அதற்கு அனுமதி இருந்திருக்கிறது.

இப்போது ஃபார்மேட் கதைக்கு வருகிறேன். இந்த எக்ஸ்டென்ஷனைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், சர்வீஸ்காரர் சொன்னபடி முதல் சிஸ்டத்தை ஃபார்மேட் அடித்தோம். 500 ரூபாய், அரை நாள் கடை வேலை போச்சு, பிரிண்டர் டிரைவர், தமிழ் ஃபான்ட், கைரேகைக் கருவி எல்லாம் மறுபடி போட வேண்டியதாயிற்று. சாயங்காலம் பறந்தது சிஸ்டம். பாஸ்வேர்டும் புக்மார்க்கும் வேண்டுமே என்று க்ரோமில் கடை ஜிமெயிலைப் போட்டு சைன் இன் செய்தேன். பத்து நிமிஷத்தில் பழைய வேகம். ஏனென்றால் சிங்க் என்பது பாஸ்வேர்டை மட்டும் கொண்டு வராது, எக்ஸ்டென்ஷன்களையும் அப்படியே திருப்பிக் கொண்டு வந்து வைத்துவிடும். ஃபார்மேட் அடித்துத் துரத்தியதை நானே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

அதனால் ஃபார்மேட் என்கிற வழியை நான் கடைசியில் வைப்பேன். வைரஸ் புகுந்தது உறுதி என்றால் சரி, விண்டோஸே உடைந்து கிடந்தால் சரி. பிரவுசர் மட்டும் திணறினால் அதே பலனை இரண்டு நிமிஷத்தில் காசில்லாமல் பார்த்துவிடலாம்: தொல்லை தரும் பக்கத்தை இன்காக்னிடோ ஜன்னலில் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதி கொடுத்தால் தவிர எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடினால், எக்ஸ்டென்ஷனோ ப்ரொஃபைலோதான் காரணம். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எதுவும் அகப்படவில்லையா, க்ரோமில் புதிதாக ஒரு ப்ரொஃபைல் சேர்த்து சிங்க் போடாமல் ஓட்டிப் பாருங்கள். ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு "ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்" என்று ஒரு பொத்தானே இருக்கிறது. புக்மார்க், பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு எக்ஸ்டென்ஷனையும் மாற்றிய செட்டிங்கையும் துடைத்துவிடும்.

கேஷ் க்ளியர் செய்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கம் உடைந்து தெரிந்தால் அது உதவும். சிபியு ஏறினால் அநேகமாக உதவாது, எல்லாத்தையும் மறுபடி இறக்க வேண்டி வருவதால் கொஞ்ச நேரம் கூடுதலாகத்தான் ஏறும். கூடவே குக்கியையும் டிக் செய்துவிட்டால் எல்லா லாகினும் போய்விடும், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஓடிபி கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எக்ஸ்டென்ஷனைத் தூக்கிய பிறகு தொல்லை பாதி குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அடுத்து மேலே வந்தது டேப்கள். கடையில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து டேப் திறந்திருக்கும்: ரயில் டிக்கெட், புளியரை செக்போஸ்ட் தாண்டுகிற லாரிக்கு இ-வே பில், ஆரியங்காவிலிருந்து வந்த பையனுக்குக் கேரள பிஎஸ்சியின் விண்ணப்பத் தளமான துளசி, வாட்ஸாப் வெப், நடுவில் யாரோ திறந்த செய்தித் தளம். அந்தச் செய்தித் தளம் மட்டும் 70, 80 என்று காட்டும், யாரும் படிக்காமல் சும்மா கிடக்கும்போதே. தானே ஓடுகிற வீடியோ, ஓரத்தில் மினுக்குகிற விளம்பரம், அந்த விளம்பரத்தை யார் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கிற ஸ்கிரிப்ட்.

கண்ணில் படாத டேப்பை பிரவுசர் அடக்கி வைக்காதா என்று கேட்கலாம். வைக்கிறது. 2017-இல் வந்த க்ரோம் 57-இலிருந்து பின்னணி டேப்பின் டைமர்களுக்கு (ஸ்கிரிப்டை அடிக்கடி எழுப்புகிற கடிகாரங்கள்) ரேஷன் உண்டு, 2021-இல் வந்த 88-இல் அதை இன்னும் இறுக்கி, ஐந்து நிமிஷத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர்களை நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் எழ விடுகிறார்கள். ஆனால் சத்தம் எழுப்புகிற டேப்புக்கு அந்த அடக்கம் பொருந்தாது. ஐயப்பன் பாட்டு ஓடுகிற டேப் விழித்தேதான் இருக்கும். விளம்பர வீடியோ ஓடுகிற ஜன்னலை ஓரமாகத் தள்ளிவைத்து, பாதி தெரிகிற மாதிரி விட்டாலும் அது மறைந்ததாகக் கணக்கில்லை.

இந்த நோவுக்கு இரண்டு வழி இருந்தது: டேப்பைத் தூங்க வைப்பது, அல்லது விளம்பரத்தைத் தடுப்பது. தூங்க வைப்பதற்கு க்ரோமில் மெமரி சேவர், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ், இரண்டும் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இருக்கின்றன. காசில்லை, ஆபத்தில்லை, போட்டு வையுங்கள். பாதி நிரப்பிய படிவம் உள்ள டேப்பைத் தூங்க வைக்காமல் க்ரோம் பார்த்துக்கொள்ளும், இருந்தாலும் நான் விண்ணப்பத் தளங்களை எல்லாம் "எப்போதும் விழித்திருக்கட்டும்" என்ற பட்டியலில் சேர்த்துவிட்டேன். அடுத்தவர் படிவம், விளையாட முடியாது. ஆனால் இந்த வழியில் முக்கியமாக மிச்சமாவது மெமரிதான். திறந்து கண் முன்னால் இருக்கிற பக்கமே கனமாக இருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது.

விளம்பரத் தடுப்பான் அதைச் செய்கிறது. நான் செய்த எல்லாவற்றிலும் செலவில்லாமல் அதிகப் பலன் தந்தது இதுதான், யுபிளாக் ஆரிஜின். ஸ்கிரிப்ட் வந்து இறங்குவதற்கு முன்பே வாசலில் நிறுத்திவிடுவதால், அதைப் படிக்கவும் ஓட்டவும் சிபியுவுக்கு வேலையே வருவதில்லை. அந்தச் செய்தித் தளம் 70-லிருந்து 5-க்குள் வந்துவிட்டது, நான் எதிரிலேயே நின்று பார்த்தேன். 2017-இல் காயின்ஹைவ் என்று ஒன்று வந்ததே, பக்கத்தைத் திறந்தவரின் சிபியுவைத் திருடி கிரிப்டோ காசு தோண்டுகிற ஸ்கிரிப்ட், அது 2019-இல் கடையை மூடிவிட்டது என்றாலும் அந்த மாதிரி வகையறாக்களையும் இந்தத் தடுப்பான்கள் நிறுத்திவிடும்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் இருக்கிறது. நல்ல செய்தி எழுதுகிறவர்களுக்கு அந்த விளம்பரம்தான் சோறு. நான் தினமும் வாசிக்கிற இரண்டு தளங்களுக்குத் தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன், வீட்டு சிஸ்டத்தில் அது ஓடட்டும். கடை சிஸ்டத்தில் அடுத்தவர் காத்திருக்கும்போது அந்தச் சலுகை கொடுக்க முடியவில்லை.

இங்கேதான் பிரவுசர் மாற்றுகிற கேள்வி வருகிறது, ஆரியங்காவு சேட்டன் சொன்னது. க்ரோமிலிருந்து எட்ஜுக்கோ ஓபராவுக்கோ ப்ரேவுக்கோ போனால், உள்ளே பக்கத்தை வரைகிற இன்ஜின் ஒன்றேதான், குரோமியத்தில் உள்ள பிளிங்க். கனமான பக்கம் அங்கும் கனமாகத்தான் இருக்கும். வித்தியாசம் சுற்றியுள்ள வசதிகளில்: எட்ஜில் டேப் சீக்கிரம் தூங்கும், ப்ரேவில் விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் மட்டும் உண்மையிலேயே வேறு இன்ஜின், கெக்கோ. க்ரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றி, 2025-க்குள் பழைய முழு யுபிளாக் ஆரிஜினை ஓட விடாமல் செய்துவிட்டது. இப்போது அதில் கிடைப்பது யுபிளாக் ஆரிஜின் லைட் என்கிற சின்ன வடிவம். ஃபயர்பாக்ஸில் முழு வடிவமும் இன்னும் ஓடுகிறது. லைட் மோசம் என்று சொல்ல மாட்டேன், சாதாரண விளம்பரத்துக்கு அது போதும், சிபியுவுக்கும் இலகு. ஆனால் பிடிவாதமான தளங்களில் முழு வடிவம்தான் பிடிக்கிறது.

அதனால் எல்லாவற்றையும் ஃபயர்பாக்ஸுக்கு மாற்றினேனா என்றால், இல்லை. சில விண்ணப்பத் தளங்கள் க்ரோமை மனதில் வைத்தே கட்டப்பட்டிருக்கின்றன, கையெழுத்து அப்லோட் செய்கிற இடத்தில் வந்து ஃபயர்பாக்ஸில் பொத்தான் வேலை செய்யாமல் நிற்கும். வாடிக்கையாளர் முன்னால் அதைக் கண்டுபிடிக்கக்கூடாது. இப்போது கடையில் விண்ணப்ப வேலை முழுக்க க்ரோம், அதில் லைட் தடுப்பானைத் தவிர ஒரு எக்ஸ்டென்ஷனும் கிடையாது. பாட்டு, செய்தி, வீடியோ, வாட்ஸாப் வெப் எல்லாம் ஃபயர்பாக்ஸ். இப்படிப் பிரித்ததே பெரிய நிம்மதி. ஒன்று திணறினால் இன்னொன்றைத் தொடாமல் மூடிவிடலாம்.

ஃபயர்பாக்ஸை ரொம்ப நாளாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மனக்கசப்பு இருக்கும், விண்டோஸில் அது சிபியுவைத் தின்னும் என்று. அதில் ஒரு பகுதி பழி வேறு இடத்தைச் சேர்ந்தது. விண்டோஸ் டிஃபெண்டரின் "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்" ஃபயர்பாக்ஸ் ஓடும்போது தேவைக்கு மேல் சிபியுவைப் பிடித்த குறை 2018-இல் பதிவாகி, 2023 ஏப்ரலில்தான் டிஃபெண்டர் அப்டேட்டில் சரியானது. அதனால் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பிரவுசருக்குப் பக்கத்திலேயே ஆன்டிவைரஸ் வரியும் சேர்ந்து எகிறுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஒரே சிஸ்டத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கழற்றுங்கள்.

வீடியோவுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், ஏனென்றால் அது வேறு நோவு. இரண்டாவது சிஸ்டத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் வந்து வகுப்பு வீடியோ பார்ப்பார்கள். வீடியோ ஓடினாலே சிபியு 85, படம் வெட்டி வெட்டி வரும். யூடியூபில் வீடியோ மேல் வலது க்ளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்தால் கோடெக்ஸ் என்று ஒரு வரி இருக்கும், வீடியோ எந்த வடிவத்தில் சுருக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வது அது. அதில் ஏவிசி1 என்றால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. எச்.264-ஐப் பிரித்துக் காட்டும் வேலையைப் பழைய இன்டெல் சிப்பில் உள்ள கிராபிக்ஸே செய்துவிடும். விபி9-க்கு முழு வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறையில். நான்காம் தலைமுறைக்காரனுக்கு விபி9 வந்தால் அத்தனை பாரமும் சிபியு தலையில் விழும். யூடியூப் புதிய வடிவங்களை அனுப்புவது டேட்டா மிச்சமாகட்டும் என்றுதான், ஆனால் பழைய சிஸ்டம் அதற்கு வேறு விதத்தில் விலை கொடுக்கிறது.

இதற்கும் வழி இரண்டு. வீடியோவை 480-இல் வைத்துக்கொள்ளுங்கள், கரும்பலகை வகுப்புக்கு அது தாராளம். அல்லது ஃபயர்பாக்ஸில் என்ஹான்ஸ்டு எச்264ஃபை என்ற ஆட்-ஆனைப் போட்டு, யூடியூபை எச்.264 மட்டும் அனுப்ப வைக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், 85-இல் இருந்தது 30-க்குள் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் அன்றைக்கு ஒன்றரை வேகத்தில் வீடியோ ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரித் தொல்லைக்கு ரேமோ ஃபார்மேட்டோ எதுவும் கேட்டிருக்காது.

செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்று ஒரு சுவிட்ச் உண்டு. "அதை அணைத்துவிடு" என்று பலர் சொல்வார்கள், அப்படியே கேட்காதீர்கள். அதை அணைத்தால் கிராபிக்ஸ் சிப் செய்கிற வேலையும் சிபியுவுக்கே வரும். டிரைவர் கெட்டுப்போய் ஜிபியு ப்ராசஸ் வரி எகிறுகிற சிஸ்டத்தில் மட்டும் அணைத்தால் நல்லது. முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள், அப்புறம் அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை, ஒரே வீடியோவை ஓட்டி எண்ணைப் பாருங்கள். எது குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சிஸ்டம்தான் என்னை அதிகம் குழப்பியது. பிரவுசரின் டாஸ்க் மேனேஜரில் எதுவும் பெரிசாக இல்லை, எல்லாம் 8, 10, 12 என்று இருக்கிறது, ஆனால் விண்டோஸ் 100 காட்டுகிறது. காலையில் கடை திறந்ததும் நன்றாக ஓடும், பதினோரு மணிக்கு மேல் படுத்துவிடும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: அடிப்படை வேகம் 3.40 கிகாஹெர்ட்ஸ், ஓடுகிற வேகம் 1.6-க்கும் கீழே. சிப் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் பாதியானால், முன்பு 50 சதவீதத்தில் முடித்த வேலைக்கு இப்போது 100 சதவீதம் வேண்டும். பிரவுசர் பாவம், அது வழக்கமான வேலையைத்தான் கேட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டைத் திறந்தேன். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய் வழியாகச் சாரல் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், ஈரம் கடைக்குள்ளேயே வரும். மற்ற மாதங்களில் லாரி கிளப்புகிற ரோட்டுப் புழுதி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்த்தேன். ஃபேனைக் கழற்றினால் அதன் கீழே, சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றுகிற ஹீட் சிங்கே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு ஒன்றை வெட்டி வைத்தது போல ஒரு படலம். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதற்கு அடியில், சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து, வெற்றிலையில் தடவி மறந்துபோன சுண்ணாம்பு மாதிரி வெடித்துக் கிடந்தது. இவ்வளவு நாள் அந்தச் சிப் காற்றே இல்லாமல் வெந்துகொண்டிருந்திருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதி, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினேன். பேஸ்ட் ட்யூப் 180 ரூபாய். 94 டிகிரியில் நின்றது 61-க்கு வந்தது, வேகம் 3.4-க்கு ஏறியது, அதே டேப்களோடு சிபியு 45-இல் நின்றது.

இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் அந்த வேகம் என்ற எண்ணை ஒரு தடவை பாருங்கள். லேப்டாப்பாக இருந்தால் முதலில் சார்ஜரைச் செருகி, பவர் சேவரை எடுத்துவிட்டுப் பாருங்கள், அதுவும் வேகத்தைக் குறைக்கும். பழைய லேப்டாப்பைக் கழற்றுவது மட்டும் பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாம், சர்வீஸில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஃபார்மேட்டுக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுங்கள்.

ரேம், எஸ்எஸ்டி பற்றி. மெமரி என்ற எண் 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போடுவது வீண் போகாது. 4 ஜிபியில் இடம் இல்லாதபோது விண்டோஸ் மெமரியைச் சுருக்கி மடித்து வைக்கிறது, அந்த மடிப்பு வேலைக்கும் சிபியுதான் உழைக்க வேண்டும். தென்காசியில் பழைய 4 ஜிபி ரேம் துண்டுகள் வாங்கி மூன்று சிஸ்டத்திலும் 8 ஆக்கினேன், துண்டு 600 ரூபாய். பழைய ஹார்டுடிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் சிஸ்டம் பிறவியே மாறின மாதிரி இருக்கும், நானும் போட்டேன், ஆனால் அது சிபியு எண்ணைக் குறைக்காது. டிஸ்க்குக்காகக் காத்துக் கிடந்த நேரம் போய்விடுவதால் சில சமயம் எண் ஏறிக்கூடத் தெரியும். வேலை சீக்கிரம் முடிகிறது, அது போதும். சிபியுவுக்காக எஸ்எஸ்டி வாங்கி, எண் குறையவில்லையே என்று ஏமாற வேண்டாம்.

லினக்ஸ், தம்பி மகன் சொன்னது. வீட்டில் படிப்புக்கும் பாட்டுக்கும் வைத்திருக்கிற பழைய சிஸ்டத்துக்கு நான் தயங்காமல் சொல்வேன், இலகுவாக ஓடுகிறது. ஆனால் அதிலும் அதே பிரவுசர், அதே கனமான பக்கம்தான். கடைக்கு, என்னிடம் இருக்கிற கைரேகைக் கருவியும், டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற டிஎஸ்சி டோக்கனும் விண்டோஸில்தான் சிக்கலில்லாமல் ஓடுகின்றன, அதனால் விட்டுவிட்டேன்.

மிச்சம் மச்சான் சொன்னது. புது சிஸ்டம், விசாரித்த இடத்தில் ஒன்றுக்கு 34,000 சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால், மூன்று சிஸ்டத்துக்கும் நான் செலவழித்தது எஸ்எஸ்டி உட்பட 8,000-க்குள். சிபியு ஏறுகிறது என்ற ஒரே காரணத்துக்காக நான் புதுசு வாங்கச் சொல்ல மாட்டேன், அந்தக் காரணம் பாதிப் பேருக்கு ஒரு எக்ஸ்டென்ஷனிலும் ஒரு தூசிப் படலத்திலும் முடிந்துவிடும். ஆனால் மச்சான் சொன்னதில் அவர் நினைக்காத ஒரு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, நான்காம் தலைமுறை இன்டெல்லில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். வீட்டில் ஒருவர் தன் சொந்த வேலைக்கு வைத்திருந்தால் அவர் பாடு. என் கடையில் அடிக்கப்படுவது ஊர்க்காரர்களின் ஆதாரும் பேங்க் கணக்கும். ஓட்டை அடைபடாத சிஸ்டத்தில் அதை நான் அதிக நாள் செய்யக்கூடாது. மாற்றுவதற்கு எனக்கு இது ஒன்றே போதுமான காரணம், அதைச் சிபியு எண்ணோடு கலக்காமல் தனியாக முடிவெடுத்தேன்.

கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்து வைத்து, மூன்றையும் இந்த சீசன் ஓட்டுகிறேன். தை பிறந்து மகரஜோதி முடிந்ததும் விண்ணப்ப வேலைக்கு ஒரே ஒரு புது சிஸ்டம் வாங்குவதாக இருக்கிறேன், மற்ற இரண்டும் லாகின் தேவைப்படாத வேலைக்கு, பிள்ளைகளின் வீடியோவுக்கும் பிரிண்டுக்கும். போன வாரம் அதே குருசாமி மறுபடி வந்தார், இந்தத் தடவை இருபத்திரண்டு பேர், அதே மஞ்சள் பை. முதல் சிஸ்டத்தில்தான் போட்டேன். பெயர் அடிக்க அடிக்க எழுத்து விழுந்தது, ஃபேன் சத்தமே இல்லை, ஷிப்ட் எஸ்கேப் ஜன்னலை ஓரத்தில் திறந்து வைத்திருந்தேன், 30-ஐத் தாண்டவில்லை. வேன் இன்ஜினை இந்தத் தடவையும் அணைக்கவில்லை, ஆனால் அதற்குள் முடிந்துவிட்டது.